தொகுதிப் படிக்கும் ஒரு விவிபாட் வேண்டும்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர், ஓட்டுப் போடத் தவறாதவர்.
பெறுநர்: மக்களவைச் செயலகம், புது டெல்லி.
நகல்: இந்தியத் தேர்தல் ஆணையம், நிர்வாசன் சதன்.
பொருள்: மாண்புமிகு உறுப்பினர்களின் படிகளுக்குக் காகிதச் சான்று கோருதல் - தொடர்பாக.
பார்வை: நாடாளுமன்ற விவகார அமைச்சகத்தின் 2025 மார்ச் மாத அறிவிக்கை.

ஐயா,

எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். பொத்தானை மட்டும் நம்பிவிட முடியாது, ஒவ்வொரு ஓட்டுக்கும் சீட்டு வேண்டும், ஒன்று விடாமல் எண்ண வேண்டும் என்கிறார்கள். காலமெல்லாம் கோப்போடு குடும்பம் நடத்தியவனுக்கு இதைவிட இனிய பேச்சு உண்டா? காகிதம் இல்லாத எதையும் நானும் நம்புவதில்லை. அவர்கள் கேட்பது முழுக்க நியாயம் என்று இந்த மனுவில் பதிவு செய்கிறேன்.

இந்தச் சந்தேகம் எதிர்க்கட்சி வரிசையில் யார் உட்கார்ந்தாலும் வந்துவிடும் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2009இல் தோற்ற பாஜகவுக்கு வந்தது. பின்னாளில் அக்கட்சியின் மாநிலங்களவை உறுப்பினரான ஜி.வி.எல். நரசிம்ம ராவ் இயந்திரத்துக்கு எதிராக 2010இல் ஒரு புத்தகமே எழுதினார். அத்வானி முன்னுரை கொடுத்தார். 2014க்குப் பிறகு சந்தேகம் காங்கிரஸ் வீட்டுக்குக் குடிபோனது. எல்லாவற்றுக்கும் மூத்த கதை கேரளத்துப் பரவூர். 1982இல் நாட்டிலேயே முதன்முறையாக அங்கே 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் வைத்தார்கள். இயந்திரம் கூடாது என்று தேர்தலுக்கு முன்பே நீதிமன்றம் போன இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை 123 வாக்கில் ஜெயித்தார். உடனே, தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் நீதிமன்றம் போனார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, அந்த 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டில் மறுதேர்தல் நடந்தது. ஜோஸ் ஜெயித்தார்.

தங்கள் அவைக்குள் நடந்ததையும் கவனித்தேன். 17.12.2024 அன்று 'ஒரே நாடு, ஒரே தேர்தல்' மசோதாவை அறிமுகப்படுத்த வாக்கெடுப்பு நடந்தது. புதிய கட்டடத்தில் முதல் மின்னணு வாக்கெடுப்பு அது. பலகை காட்டியது 220க்கு 149. பொத்தானில் பதியாதவர்களும் திருத்த நினைத்தவர்களும் சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகு 269க்கு 198 ஆயிற்று. மாண்புமிகுக்களின் விரலுக்கு இவ்வளவு மரியாதை. எங்களுக்கோ விவிபாட் என்னும் சீட்டு இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தரிசனம். சீட்டு பெட்டிக்குள் விழுந்துவிடும்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன்.

பார்வையில் கண்ட அறிவிக்கையின்படி ஒரு உறுப்பினரின் மாதச் சம்பளம் 1,24,000 ரூபாய். அவைக்கு வரும் நாளுக்குத் தினப்படி 2,500. தொகுதிப் படி 87,000. அலுவலகச் செலவுக்கு 75,000. அதில் கணினி தெரிந்த உதவியாளருக்கு 50,000 போக, எழுதுபொருளுக்கு மட்டும் 25,000. எங்கள் அலுவலகத்தில் ஒரு ரீபிள் வாங்கவே பழைய ரீபிளை ஒப்படைக்க வேண்டும். இந்த உயர்வை 01.04.2023 முதல் முன்தேதியிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் கையைத் தூக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. 2018இல் செய்த ஏற்பாட்டின்படி 5 ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து அதுவே ஏறிக்கொள்ளும். இந்த இயந்திரத்தை ஹேக் செய்துவிட்டார்கள் என்று எந்த எதிர்க்கட்சிக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கேட்டதெல்லாம் வேறு. 2010 ஆகஸ்டில் சம்பளம் 16,000த்திலிருந்து 50,000 ஆக உயர்ந்தபோது, போதாது என்று அவையையே முடக்கினார்கள். துறைச் செயலர் வாங்குவது 80,000. மக்கள் பிரதிநிதிக்கு அதைவிட ஒரு ரூபாயாவது கூட வேண்டாமா என்று கேட்டது 80,001. அவை ஒத்திவைக்கப்பட்ட பிறகும் உள்ளேயே உட்கார்ந்து, லாலு பிரசாத்தைப் பிரதமராக்கிப் போட்டி நாடாளுமன்றம் நடத்தினார்கள். தங்கள் சம்பளத்தைத் தாங்களே நிர்ணயிப்பது முறையல்ல என்று இடதுசாரிகள் சொன்னது அந்தச் சத்தத்தில் யார் காதில் விழுந்திருக்கும்?

படியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொகுதியில் கால் வைத்தால் கல்யாணம், காதுகுத்து, கருமாதி; வீட்டு வாசலில் மனுவோடு நிற்கும் கூட்டத்துக்குக் காபித் தண்ணி. செலவு உண்மைதான். ஆனால் 87,000 ரூபாய்க்குப் பில் கிடையாது, வவுச்சர் கிடையாது. நான் ஒருமுறை பெரம்பலூர் போய்வந்த பயணப்படிப் பட்டியலில் பஸ் டிக்கெட்டின் மை அழிந்திருந்தது. தேதி தெரியவில்லை என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார்கள். 'பயணம் மேற்கொண்டதற்கான ஆதாரம் இல்லை' என்ற அந்தத் தணிக்கைக் குறிப்பு ஆறு மாதம் என் பின்னாலேயே அலைந்தது.

ஆகவே, விவிபாட் முறையை அப்படியே படிகளுக்கும் நீட்டிக்குமாறு வேண்டுகிறேன். செலவுச் சீட்டை 7 விநாடி காட்டினால் போதும். எல்லாச் சீட்டையும் எண்ணச் சொல்ல மாட்டேன். ஓட்டுக்குச் செய்வதுபோலவே ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 என்று குலுக்கிப் பாருங்கள். சந்தேகப்படும் வாக்காளரிடம் கட்டணமும் வசூலிக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 2024 தீர்ப்புக்குப் பிறகு, இரண்டாவது மூன்றாவது இடம் வந்த வேட்பாளர் ஓர் இயந்திரத் தொகுப்பைச் சோதிக்க 40,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டும்படி அந்த ஆண்டு நிர்ணயித்தார்கள் அல்லவா, அதே விகிதம் எங்களுக்கும் சம்மதம். முறைகேடு இருந்தால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்த்துத்தான்.

இந்தத் தீர்மானத்தை ஆளுங்கட்சி கொண்டுவராது. ஓட்டுக்குச் சீட்டு கேட்ட எதிர்க்கட்சி உறுப்பினர் யாராவது ஒருவர், முதல் ஆளாகத் தன் தொகுதிப் படிக் கணக்கைப் பில்லோடு வெளியிட்டுவிட்டு இதை முன்மொழியட்டும். அதுவரை இந்த மனுவை 'நிலுவை' கோப்பில் வைத்திருக்கவும். 'முடிவு' என்று எழுதிக் கட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாக்காளன்