ராயபுரம் துருவாசர்

கல்மண்டபத்தில் ஆரம்பித்து எர்ணாவூர் வரைக்கும் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு துருவாசர் இருப்பார். விடியற்காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்காமல், உள்ளங்கையைப் பார்க்காமல், நேராக வாசலுக்கு வந்து மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்துப் பக்கம் குந்துகிறவர் அவர்தான். தலையில் மங்கி குல்லா, அதற்கு மேல் மஃப்ளர், கீழே கட்டம் போட்ட லுங்கி. செல்போன் டார்ச்சை அடித்து பிரேக் டிஸ்க்கை ஒரு சுற்று பார்ப்பார். பிறகு எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஒரு பெருமூச்சு.

"வந்துட்சுபா."

வந்தது துரு. நேற்று ராத்திரி வெள்ளித் தட்டு மாதிரி இருந்த டிஸ்க்கில், ஓட்டைகளின் விளிம்பைச் சுற்றி, டீக்கறை நிறத்தில் மெல்லிய படலம். மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். முதல் சிக்னலில் ஒரு பிடி, இரண்டாவது சிக்னலில் ஒரு பிடி, படலம் காணாமல் போய்விடும். ஆனால் துருவாசர் வண்டியைக் கிளப்ப மாட்டார். துரு இருக்கும்போது எப்படிக் கிளப்புவது? கிளப்பாவிட்டால் துரு எப்படிப் போகும்? மார்கழி முழுக்க அவர் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் குந்தியிருப்பார்.

சென்னையின் குளிர்காலம் என்றால் ஊட்டிக்காரர் சிரிப்பார். விடிகாலையில் 20 டிகிரிக்குப் பக்கம் இறங்கினாலே நாம் பரணிலிருந்து கம்பளியை இறக்குகிறவர்கள். ஐரோப்பாவில் ரோட்டில் உறைந்த பனியைக் கரைக்க உப்பைக் கொட்டுகிறார்களாம். அதனால் அங்கே குளிர்காலம் வந்தால் வண்டிகள் துருப்பிடிக்கின்றன. வடசென்னைக்கு அந்தச் செலவு கிடையாது. வடகிழக்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் எண்ணூர் விரைவுச் சாலையில் கொட்டியிருக்கும் பாறைகளில் அலை மோதி, தூவானம் நேராக ரோட்டுக்கு வருகிறது. அது போதாதென்று காசிமேட்டிலிருந்து கிளம்பும் மீன் வண்டிகள் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீரை வழியெல்லாம் தெளித்துக்கொண்டு போகின்றன. காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். கடலோரத்தில் மார்கழி விடியலில் ஈரம் அந்த அளவைத் தாண்டுவது தினசரி விவகாரம். மழையே பெய்யாத நாளிலும் வண்டி நனைந்து நிற்பது அதனால்தான்.

இங்கே துருப்பிடிக்காத பொருள் என்று எது இருக்கிறது? ஜன்னல் கம்பி, மொட்டைமாடி டிஷ், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, துறைமுகத்துக்குள் போக ராத்திரியெல்லாம் வரிசையில் நிற்கும் டிரெய்லர்களின் மேல் இருக்கும் கண்டெய்னர். எல்லோரும் ஏற்றுக்கொண்டு பெயின்ட் அடித்தோ அடிக்காமலோ வாழ்கிறார்கள். ஊரே சமாதானமாகப் போய்விட்ட ஒரு விஷயத்தில் தனி ஆளாகச் சண்டையைத் தொடர்கிறவர் துருவாசர். அந்த அளவில் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

டிஸ்க் என்ன, எவர்சில்வர்தானே, எப்படித் துருப்பிடிக்கும் என்று கேட்பவர்களை அவர் முறைக்கும் முறைப்பில்தான் பெயர்ப் பொருத்தம் தெரியும். கேள்வி நியாயமானதுதான். நல்ல சமையல் பாத்திர எஃகில் குரோமியம் 18 சதவீதம் இருக்கும். டிஸ்க்கில் சுமார் 12, 13தான். பிரேக் தட்டு தேயாமல் கெட்டியாக இருக்க வேண்டும், காய்ச்சிக் கடினமாக்க வேண்டும் என்பதால் வேறு வகை எஃகு. குரோமியம் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் போடும். உப்பில் இருக்கும் குளோரைடு அதைத் துளைக்கும். தவிர, தட்டைப் பிடிக்கிற பிரேக் பேடில் இரும்புத் தூள் கலந்திருப்பதும் உண்டு. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் அந்தத் தூள் தட்டில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். நாம் காலையில் பார்க்கும் பழுப்பில் ஒரு பங்கு தட்டின் துரு அல்ல, பேடின் துரு. இந்தத் தகவலை மெக்கானிக் சொன்ன நாளிலிருந்து துருவாசர் பேடையும் சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜப்பானிலும் ஒரு துருவாசர் இருந்திருக்க வேண்டும். ஹோண்டா 1969-இல் சிபி 750 வண்டியில் முன்பக்கம் டிஸ்க் பிரேக் வைத்து விற்றபோது தட்டைத் துருப்பிடிக்காத எஃகில்தான் செய்தது. பளபளவென்று இருந்தது. அந்தக் கால ஜப்பானிய வண்டிகள் மழை பெய்தால் பிரேக் பிடித்த பிறகு கொஞ்சம் யோசித்துத்தான் நிற்கும். வார்ப்பிரும்புத் தட்டு ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஒரே ராத்திரியில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் தட்டில் ஓட்டை போட்டு, பேடின் கலவையை மாற்றி, ஒரு வழியாகச் சரிப்படுத்தினார்கள். நம் ஊரில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் ஆனது. ஏபிஎஸ் வந்தால் டிஸ்க்கும் வரும். டிஸ்க் வந்தால் வடசென்னையில் துருவாசர்கள் பெருகுவார்கள். சட்டம் போட்டவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

துருவாசரின் வைத்திய முறைகளைச் சொல்ல ஒரு தனிப் புத்தகம் வேண்டும். முதல் வருடம் தேங்காய் எண்ணெய். பழைய லுங்கித் துணியில் நனைத்து இரண்டு பக்கமும் பதமாகத் தடவினார். டிஸ்க் மினுமினுத்தது. அன்று சாயங்காலம் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு டிரெய்லருக்குப் பின்னால் பிரேக்கைப் பிடித்தார். லீவர் வந்தது, வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கும் இரண்டு செருப்பும் சேர்ந்து அவரைக் காப்பாற்றின. எண்ணெய் குடித்த பேடை மறுநாள் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

"எண்ணெ தேச்சா துரு வராதுன்னுதானே சொல்றாங்க?"

"அது செயினுக்குண்ணே. தட்டுல தேச்சா தலக்கிதான் வரும்."

இரண்டாம் வருடம் புளி. வீட்டம்மா குத்துவிளக்கு தேய்க்க ஊறவைத்திருந்த புளியை அப்படியே எடுத்துப்போய்த் தட்டில் அப்பினார். துரு போனது என்னவோ உண்மை. புளியில் இருக்கும் அமிலம் துருவைக் கரைக்கும். ஆனால் துரு போன இடம் பச்சைப் புண்ணாக இருக்கும், கழுவிக் காயவைக்காவிட்டால் முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். மறுநாள் காலையில் பிடித்தது.

"ஏங்க, வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கு அழுக்கா கீது, வண்டிக்குப் புளியாபிசேகமா?"

அதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அவர் உப்புத்தாளுக்கு மாறினார். ஹார்டுவேர் கடையில் இருந்ததிலேயே முரட்டுத் தாளை வாங்கி, தட்டில் வட்ட வட்டமாக இழுத்தார். பிடிவாதமான துருவுக்கு மிக மெல்லிய தாளில் லேசாக ஒரு தேய்ப்பு, பிறகு பிரேக் கிளீனர் ஸ்பிரே, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். துருவாசருக்கு 'லேசாக' என்ற சொல்லில் நம்பிக்கை கிடையாது. மெக்கானிக் பையன் டிஸ்க்கில் வெட்டியிருக்கும் சின்ன எழுத்தைக் காட்டினான். குறைந்தபட்சக் கனம் இத்தனை மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது.

"இத்துக்குக் கீழ போனா தட்ட மாத்தணும்னு கம்பெனிக்காரனே வெட்டி வச்சிக்கிறான். நீ தேய்க்கிற தேய்ப்புல பொங்கலுக்குள்ள போயிடும்ணே."

அதற்கப்புறம் வந்தது கவர். வெள்ளி நிறத்தில், தண்ணீரே புகாது என்று அச்சடித்த உறை. தண்ணீர் புகாதது உண்மைதான். உள்ளே இருந்த ஈரம் வெளியே போகவும் இல்லை. காலையில் உறையைத் தூக்கினால் வண்டி வேர்த்துப்போயிருந்தது. ஆயுத பூஜை அன்று டிஸ்க்கின் இரண்டு பக்கமும் சந்தனமும் குங்குமமும் வைத்த கதையும் உண்டு. அதை அவர் பக்திக் கணக்கில் எழுதிவிட்டதால் நானும் தொடவில்லை.

இவருக்கு ஒரு எதிரி உண்டு. டோல்கேட் பக்கத்துப் பெரியவர், புல்லட்காரர். என்ஃபீல்டு கம்பெனி 1955-இல் திருவொற்றியூருக்கு வந்தது, அதில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இந்தப் பக்கம் நிறைய. பெரியவர் வண்டி பழைய புல்லட், இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக்.

"எங்க வண்டில ஏது நைனா துரு?" என்பார் பெரியவர், டீயை ஆற்றிக்கொண்டே.

டிரம்முக்குள் இருப்பதும் இரும்புதான். மழையில் நாலு நாள் நிறுத்தி வைத்தால் பிரேக் ஷூ உள்ளே ஒட்டிக்கொண்டு, வண்டியை நகர்த்தும்போது 'டொக்'கென்று விடும். அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கும். பெரியவர் காதில் மட்டும் விழாது. துருவாசர் துரு கண்ணுக்குத் தெரிகிற வண்டியை வாங்கிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். காசிமேட்டில் டிவிஎஸ் எக்ஸெல்லில் நாலு கூடை மீனும் ஐஸும் ஏற்றி, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓட்டுகிறவர்கள் இந்த விவாதத்தில் கலந்துகொள்வதில்லை. அவர்களுக்கு ஏலத்துக்கு நேரமாகிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து எர்ணாவூர், காட்டுக்குப்பம் பக்கம் வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் கறுப்பாக அப்பியது. அந்தப் பக்கத்துத் துருவாசர்களின் வண்டிகள் இண்டு இடுக்கு விடாமல் எண்ணெயில் முழுகி எழுந்தன. அந்த மார்கழியில் டிஸ்க்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வலையும் படகும் போன வீட்டுக்குப் பக்கத்தில் நின்று தட்டைத் துடைக்கிற அளவுக்கு அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை.

துருவாசரிடம் எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று. அவர் பார்க்கிற துரு ஆளைக் கொல்லாது. கொல்லக்கூடியது அவர் பார்க்காத இடத்தில் இருக்கிறது. ஒருநாள் மெக்கானிக் அவரை வற்புறுத்தி உட்காரவைத்து, பேடைத் தட்டில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றினான். அது முன்னும் பின்னும் சறுக்க உதவும் 'பின்' கம்பி சறுக்கவில்லை. மேல் ரப்பர் கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் துருவும் அலுமினியம் பூத்த வெள்ளைப் பொடியும் சேர்ந்து கட்டியாகிக் கிடந்தன. அதனால் ஒரு பக்கத்துப் பேட் அட்டையாகத் தேய்ந்திருந்தது, மறுபக்கத்துப் பேட் புதுசு மாதிரி இருந்தது. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் டிகாக்‌ஷன் நிறம். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் சுபாவம் கொண்டது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். துருவாசர் வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றவில்லை. செயினைப் பற்றிப் பேச வேண்டாம்.

"இதெல்லாம் உள்ள கீது தம்பி, யார் பாக்கப் போறாங்க?" என்றார்.

ஆனால் இந்த வருடம் துருவாசரிடம் ஒரு மாற்றம். மார்கழி பாதி கடந்தும் பெருமூச்சுச் சத்தம் இல்லை. காலையில் டார்ச்சை அடித்துப் பார்த்தால் டிஸ்க் கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். எல்லாம் தன்னுடைய புதுக் கைவைத்தியம் என்கிறார்: சாக்பீஸ் தூளும் வேப்பெண்ணெய்ப் புகையும். கற்பூரம் சேர்த்தால் இன்னும் விசேஷமாம். டீக்கடையில் நாலு பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

பக்கத்து பெஞ்சில் அவருடைய மகன் வாயைத் திறக்காமல் பன்னைத் தின்றுகொண்டிருந்தான். ராத்திரி அப்பா தூங்கியதும் வண்டியைத் தெருமுனை வரை சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து கிளப்பி, நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எண்ணூர் முகத்துவாரம் வரை போய்த் திரும்புகிறவன் அவன். கண்டெய்னர் வரிசைக்கு நடுவில் நூறு தடவையாவது பிரேக் பிடிக்காமல் அந்த ரோட்டில் யாரும் போய்வர முடியாது. வண்டியை மறுபடி வாசலில் நிறுத்தும்போது தட்டில் சூடு ஆறியிருக்காது. விடிவதற்குள் எந்தத் துரு வந்து உட்காரும்?

"எல்லாம் சரி," என்றான் மெக்கானிக், பையனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. "பெட்ரோல் எப்படிண்ணே போவுது?"

துருவாசர் டம்ளரை வைத்தார். முகத்தில் மறுபடியும் அந்தப் பழைய கவலை.

"அத்தான்பா புரியல. வண்டிய எடுக்கவே இல்ல, ரெண்டு நாளைக்கி ஒருக்கா முள்ளு எறங்கிடுது. இந்த உப்புக் காத்து பெட்ரோலக் கூட உட்டு வெக்கறதில்ல."