நல்லாசிரியர் விருதுக்கு ஒரு சிபாரிசு

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 ஆனால் நல்லாசிரியர் விருது கொடுக்கிறோம். கரும்பலகை முன்னால் நின்று தொண்டை வறண்டவர்களுக்கே அது போய்ச் சேர்கிறது. காரைக்கால் கடற்கரையில், கருக்களாச்சேரி போன்ற மீனவ ஊர்களில், பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வந்திருக்கும் புது வாத்தியார் ஒருவரை விருதுக் குழு இன்னும் கண்டுகொள்ளவில்லை. சட்டப் புத்தகத்தில் அவர் பெயர் மின்னணு சிகரெட். பிள்ளைகள் செல்லமாக வேப் என்கிறார்கள்.

அவர் அருமை தெரிய வேண்டுமானால், நம்முடைய சுகாதாரக் கல்வி நடக்கிற லட்சணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் மே 31. அன்று பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை. விசைப்படகுகளுக்கோ தடைக்காலம், ஏப்ரல் 15இல் கட்டிய கயிற்றை ஜூன் 14 தாண்டித்தான் அவிழ்க்க முடியும். வகுப்பில் பிள்ளையும் இல்லாத, விசைப்படகு மீனும் ஏலத்துக்கு வராத ஒரு நாளாகப் பார்த்து நமக்கு விழிப்புணர்வு வாய்த்திருக்கிறது. பதாகை பிடிக்க ஆள் தேடி, உறுதிமொழி வாசித்து, போட்டோ எடுத்து, டீ குடித்துக் கலைகிறோம். பதாகையில் ஒரு பீடி, அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. பீடி நாற்றம் பட்டாலே மூக்கைப் பொத்துகிற பையனுக்குப் பீடி கெடுதல் என்று சொல்லிக் கொடுத்த திருப்தி நமக்கு. புது வாத்தியாருக்கு விடுமுறையும் கிடையாது, தடைக்காலமும் கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளை போர்வைக்குள் செல்போன் பார்க்கிற நேரம் பார்த்து வகுப்பைத் தொடங்குகிறார்.

அடக்கமானவரும்கூட. பீடி, சுருட்டுக்கெல்லாம் விளம்பர ஆசை அதிகம். குடித்துவிட்டு வந்தவனை வாசற்படியிலேயே வாய், சட்டை, விரல் நுனி என்று மூன்று இடத்தில் காட்டிக் கொடுத்துவிடும். தியேட்டரில் படத்துக்கு முன்னால் சாம்பலையும் புகையையும் காட்டி நம்மை எச்சரித்தார்களே, இவரிடம் அந்தச் சாம்பல் இல்லை. தீப்பெட்டி கேட்க மாட்டார். துவைக்கப் போட்ட பேன்ட்டில் அகப்பட்டாலும் மானத்தைக் காப்பாற்றுவார்.

“என்னடா தம்பி இது, பாக்கெட்டுல கெடந்துச்சி?”

“பென் டிரைவும்மா.”

“எதுக்குடா?”

“ஸ்கூல் ப்ராஜெக்ட்டும்மா. தண்ணியில போட்றாத.”

அம்மா முந்தானையில் துடைத்து, எட்டாத உயரத்தில் பத்திரமாக எடுத்து வைக்கிறாள், தங்கச்சி எடுத்து விளையாடிவிடக் கூடாதே என்று. தன்னைத் தாய் கையாலேயே பாதுகாக்க வைக்கும் சாமர்த்தியம் பீடிக்கு என்றைக்காவது வந்ததா?

காரைக்காலுக்கு வந்தவர் காரைக்கால் மரபை விட்டுக்கொடுப்பாரா? ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள்; பிடிக்கத் தெருவெல்லாம் கைகள் நீளும். இவரும் மாம்பழ வாசனையோடுதான் வருகிறார். அம்மையார் இறைவனை வேண்டிப் பெற்ற கனி பரமதத்தன் கைக்கு வந்ததும் மறைந்தது என்பது வரலாறு. அங்கே முதலில் பழம் என்று ஒன்று இருந்தது. இவரிடம் எந்தக் கட்டத்திலும் பழம் கிடையாது, வாசனை மட்டும்தான். அத்தனை சிக்கனம். அமெரிக்காவில் ஜூல் என்ற கம்பெனியின் மாம்பழ ருசி பள்ளிப் பிள்ளைகளிடம் ஓடிய ஓட்டத்தில், 2018 நவம்பரில் கடைகளுக்கு அதை அனுப்புவதையே நிறுத்த வேண்டியதாயிற்று. நாற்பது வயதுக்காரர் சிகரெட்டை விடுவதற்காகத்தான் பபிள்கம் ருசியும் தர்பூசணி ருசியும் என்று கம்பெனிகள் சொல்வதை நம்பாதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள்.

வேதியியலில் அவருக்கு நிகர் அவரே. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோடின், வாசனைப் பொருள் எல்லாவற்றையும் கலந்து, பேட்டரியால் ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்கி ஊதக் கொடுப்பார். வருவதை நீராவி என்பார். அது வெறும் நீராவி அல்ல. நுண்துளிகளோடு நிக்கலும் குரோமியமும் ஈயமும் கம்பியிலிருந்து இலவசமாகச் சேர்ந்து வரும். திரவம் அதிகம் சூடானால் ஃபார்மால்டிஹைடு பிறக்கும். அதைத் தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின். 2018இல் கேரளத்தில் ‘ஆபரேஷன் சாகர் ராணி’ சோதனையில் ஃபார்மலின் போட்ட மீன் பிடிபட்டதும் ஊர் ஊராக மீன் வாங்கவே ஆட்கள் பயந்தார்கள். அந்தப் பேச்சு எழுந்தாலே ஏலம் படுத்துவிடும் என்பது கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் மீனில் அது ஒரு சொட்டு கிடையாது என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்கிற அப்பாவின் பிள்ளைக்கு, அதே சரக்கை நேராக நெஞ்சுக்கூட்டில் இறக்குகிறார் நம் வாத்தியார்.

நிக்கோடின் தொண்டையைக் கமறவைக்கும், புதுப் பையன் இருமித் தூக்கிப் போட்டுவிடுவான் என்பது பழைய தொழிலில் பெரிய இடைஞ்சல். அந்த இருமல் உடம்பு கொடுத்த முதல் எச்சரிக்கை. இவர் பென்சாயிக் அமிலம் சேர்த்து நிக்கோடினை உப்பாக்கி அந்த எச்சரிக்கையை நாகரிகமாக அடக்கிவிட்டார். ஜூலின் 5 சதவீதக் குப்பி ஒன்றில் ஏறத்தாழ ஒரு பாக்கெட் சிகரெட்டின் நிக்கோடின் இருப்பதாகக் கம்பெனியே சொன்னது. மூளை வளர்ந்து முடிய இருபத்தைந்து வயது ஆகும் என்பதால், அதற்கு முன்பே மாணவரைச் சேர்த்துக்கொள்வதில் இவருக்கு அவ்வளவு அக்கறை. காயாத சுவரில் ஆணி எளிதாக இறங்கும்.

குலப்பெருமையையும் சொல்லியாக வேண்டும். 2003இல் இன்றைய வடிவத்தைச் செய்தவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். சிகரெட்டை விட வேண்டும் என்று தவித்தவர். விடுவதற்காகக் கண்டுபிடித்தவரே பிறகும் சிகரெட்டை முழுக்க விடவில்லை என்று சொன்னார் என்பதை மருந்தின் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018 டிசம்பரில் மார்ல்பரோ விற்கும் ஆல்ட்ரியா, ஜூலின் 35 சதவீதப் பங்கை 1,280 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. சிகரெட் குடிப்பவர்களைச் சிகரெட்டிலிருந்து மீட்கச் சிகரெட் கம்பெனியே இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறதென்றால் எத்தனை தியாகம்!

விருதுக்கு நான் காட்டும் முக்கியச் சான்று அதற்கு அடுத்த ஆண்டு நடந்தது. 2019 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, ஜூல் கம்பெனியின் ஆள் பள்ளிக்கூடத்துக்கே வந்து, ஆசிரியர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இது முழுக்கப் பாதுகாப்பானது என்று சொன்னதாக மாணவர்களே சாட்சி சொன்னார்கள். வந்தது எதற்காக? போதைப் பழக்கம் பற்றி விழிப்புணர்வு தர. பால்டிமோரில் ஆரோக்கிய வாழ்க்கை கற்றுத்தரும் கோடை முகாமுக்காக ஒரு பள்ளி அமைப்புக்கு 1,34,000 டாலர் கொடுத்திருந்ததும் வெளிவந்தது. கோடை விடுமுறையில் நாம் பூட்டிய வகுப்பைப் பார்த்து உறுதிமொழி எடுக்கிறோம். அவர்கள் அதே கோடையில் முகாம் போட்டுப் பிள்ளைகளைத் திரட்டுகிறார்கள். பொதுச் சுகாதாரக் கல்வியை யார் மனசார எடுத்துக்கொண்டார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதே 2019இல் அமெரிக்க மருத்துவமனைகளில் இளவயதுக்காரர்கள் மூச்சுத் திணறி வந்து விழுந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் அனுமதி, 68 பேர் சாவு. பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவத்தில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் காரணம் என்றார்கள். உண்மையான சரக்கில் அது கிடையாது என்று இவருடைய ஆதரவாளர்கள் உடனே எடுத்துச் சொன்னார்கள். எது உண்மைச் சரக்கு என்று இன்ஸ்டாகிராமில் ஆர்டர் போடும் பத்தாம் வகுப்புப் பையன் பரிசோதனைக் கூடம் வைத்துப் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கைதான்.

நம் அரசாங்கமும் சும்மா இருந்ததாகச் சொல்லக் கூடாது. 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் அறிவித்தார்கள். டிசம்பரில் முழுச் சட்டமே வந்தது. தயாரித்தால், இறக்குமதி செய்தால், விற்றால் முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நல்ல சட்டம், அதில் எனக்குக் கேலி இல்லை. ஆனால் வாத்தியார் அதையும் தனக்குச் சாதகமாக்கிக்கொண்ட அழகைப் பாருங்கள். சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படமும் வாசகமும் போட வேண்டும், வரி கட்ட வேண்டும். தடை செய்த பொருளுக்கு இந்தத் தொல்லையெல்லாம் ஏது? பெட்டி முழுக்க மாம்பழம்தான். பள்ளி வாசலிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாதென்று கடைக்காரனைத் துரத்துகிறோம். இவர் புத்தகப் பைக்குள் உட்கார்ந்து நூறு கெஜத்தையும் தாண்டி வகுப்புக்கே வந்துவிடுகிறார். எல்லையில் உள்ள வாஞ்சூர் சோதனைச் சாவடியில் போலீஸ் வண்டிகளை நிறுத்தி மதுப் பாட்டில் தேடும்போது, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் படித்த பிள்ளைபோல நின்றுகொண்டிருப்பார்.

இவர் வைக்கும் செய்முறைத் தேர்வு கடலில். புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருத்தன் இடுப்பில் கயிறு கட்டி, கத்தியோடு முங்க வேண்டும். தலைக்கு மேல் படகு ஆட, மூச்சை அடக்கிக்கொண்டு இழை இழையாக அறுத்தெடுக்க வேண்டும். ஊரில் மூச்சுப்பிடி உள்ள பையன் யாரென்று பெரியவர்களுக்குத் தெரியும், அவனைத்தான் இறக்குவார்கள். இவரிடம் படித்தவன் இரண்டு இழை அறுப்பதற்குள் மேலே வந்து, படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமுவான். தாத்தா அறுபது வயதில் வாங்கிய நெஞ்சைப் பேரனுக்குப் பத்தொன்பதிலேயே வாங்கிக் கொடுத்த பெருமை இவருக்கு உண்டு.

வெளிநாட்டுக்குப் போகிறவனுக்கும் பாடம் தயார். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருந்தாலே குற்றம். வேப்பில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கலந்து விற்கிறார்கள் என்பதால் 2025 செப்டம்பரில் அந்த மருந்தைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துத் தண்டனையைக் கூட்டிவிட்டார்கள். திரும்பத் திரும்பச் சிக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வேலை அனுமதி ரத்தாகி நாடு கடத்தல் வரை போகும். நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், விமானத்தில் மகனோடு சேர்ந்து ஊர் திரும்பும்.

ஒரே ஒரு குறை: இவரிடம் சேருவது சுலபம், டி.சி. வாங்குவது கஷ்டம். விட்ட ஒன்றிரண்டு நாளிலேயே தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வந்து நின்று திரும்பக் கூப்பிடும். அந்த நேரத்துக்கு அரசாங்கத்தின் இலவசத் தொலைபேசி எண் ஒன்று இருக்கிறது, 1800-11-2356. கூப்பிட்டால் ஆலோசனை சொல்வார்கள். பீடி, சிகரெட் பெட்டிகளில் அதைக் கட்டாயம் அச்சடிக்கிறார்கள். இவருடைய பெட்டியில் இல்லை. ஆகவே, விட நினைக்கும் பிள்ளை அந்த எண்ணைப் பார்க்க வேண்டுமானால் முதலில் ஒரு சிகரெட் பாக்கெட் வாங்க வேண்டும். தன் மாணவர்களில் பலரை அந்த மேல்வகுப்புக்கும் இவரே அனுப்பிவைக்கிறார்.