ஒரு புள்ளியும் இரண்டு கந்தசாமிகளும்: இனிஷியலின் இடமும் இடர்ப்பாடும் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

76 வயதுக்காரர் ஒருவரின் இடது கண்ணில் வளர்ந்திருந்த புரை 20 நிமிடத்தில் அகற்றப்பட்டது. அவர் பெயரில் இருந்த சிக்கலை அகற்ற 41 நாள் ஆயிற்று. இந்தக் கால வேறுபாட்டின் காரணங்களைக் கண்டறிவதே இவ்வாய்வின் நோக்கம். கண்ணில் விழுந்தது புரை, காகிதத்தில் விழுந்தது இனிஷியல். முன்னதற்கு மருத்துவம் உண்டு.

1. ஆய்வுப் பொருள்

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர் என் அப்பா முருகையா. அவருடைய அப்பா கந்தசாமி. ஆகவே அவர் க. முருகையா. தாத்தா பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் மரூஉதான். ஆகவே நான் மு. கந்தசாமி. கந்தசாமி மகன் முருகையா, முருகையா மகன் கந்தசாமி. ஊரில் இதனால் எந்தக் குழப்பமும் வந்ததில்லை. பெரிய கந்தசாமி, சின்ன கந்தசாமி என்று இரண்டு அடைமொழியில் முடித்துவிட்டார்கள். குழம்புவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வரவேண்டியிருந்தது.

இந்த ஏற்பாட்டின் பெருமைக்கு இரண்டு நோபல் பரிசுகள் சாட்சி. சி.வி. ராமனின் 'சி' அவருடைய தந்தை சந்திரசேகர ஐயர். ராமனின் அண்ணன் சுப்பிரமணியனுக்குப் பிறந்த பிள்ளை, தாத்தாவின் பெயரைத் தாங்கிய எஸ். சந்திரசேகர். ஆக, 1930இல் இனிஷியலாக ஸ்டாக்ஹோம் போய் வந்த சந்திரசேகர், 1983இல் முழுப் பெயராகவே போய் வந்தார். செஸ் வீரர் ஆனந்த் விஷயத்தில் உலகம் இன்னும் ஒரு படி மேலே போனது. விஸ்வநாதன் என்பது அவருடைய அப்பா. அதைச் சுருக்கி 'விஷி' என்று செல்லமாகக் கூப்பிட்டது. மகன் ஆட்டம் ஜெயிக்கிறார், அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்துக் கைதட்டுகிறார்கள்.

2. இலக்கண அடிப்படை

மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு, உயிரெழுத்துக்குக் கிடையாது. இது தமிழ் இலக்கணம். அலுவலக இலக்கணம் வேறு: உயிரோடு இருப்பவருக்கும் புள்ளி கட்டாயம், அது இல்லாவிட்டால் அவர் மெய் அல்லர். சொற்கள் புணரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்று மாற்றங்கள் நிகழும் என்று பள்ளியில் படித்தோம். தமிழன் பெயர் விண்ணப்பத்தோடு புணரும்போதும் இவையே நிகழ்கின்றன.

அ) தோன்றல்: இல்லாத ஒன்று வந்து நிற்பது. விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்றொரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அதில் எழுத நம்மிடம் ஒன்றும் இல்லை. புள்ளிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பிக் கூட்டிவந்து அந்தக் கட்டத்தில் உட்கார வைக்கிறோம். அன்றிலிருந்து அவர் நம் குடும்பப் பெயர்.

உட்கார வைக்காதவர்களின் கதி வேறு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு அமெரிக்க விசா வாங்கியவர்களின் தாளில், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு' என்று இருக்கும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பெற்றவர்கள் நாள் நட்சத்திரம் பார்த்து வைத்த பெயர், தூதரகத்தில் 'தெரியவில்லை' ஆகிவிடுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வர முடியாது என்றது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது. அங்கேயும் அப்பாதான் கைகொடுத்தார்.

ஆ) திரிதல்: ஒன்று மற்றொன்றாவது. 2021இல் தமிழக அரசு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதச் சொல்லி ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் தங்கவேல் மகனும் தனபால் மகனும் தமிழில் 'த.' என்றே ஆவார்கள். அந்தப் புள்ளியை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிற டேட்டா என்ட்ரி தம்பி, டீயா டியா என்று யோசிக்கும் நேரத்தில் ஒரு வம்சம் மாறிவிடும். பெயரின் எழுத்துக்கூட்டலோ தனிக் காடு. கந்தசாமியில் நடுவில் இருப்பது 'டி'யா 'டிஎச்'சா, முடிவில் 'சாமி'யா 'ஸ்வாமி'யா என்பதில் என் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் பட்டச் சான்றிதழும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. 2020இல் அரசே 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி ஆணை வெளியிட்டு, ஊர் சிரித்ததும் சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. கோயம்புத்தூருக்கே அந்தப் பாடு என்றால் கந்தசாமி எம்மாத்திரம்?

பெண்களின் திரிபு தனி ஆய்வுக்கு உரியது. பள்ளிச் சான்றிதழில் அப்பா எழுத்து, ரேஷன் கார்டில் கணவர் எழுத்து. என் அம்மாவின் பெயர் மட்டும் அறுபது வருஷமாக அப்படியே இருக்கிறது. முன்னால் நிற்கிற ஆள்தான் மாறிவிட்டார்.

இ) கெடுதல்: இருந்தது மறைவது. பாஸ்போர்ட்டின் அடியில் எந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் உண்டு, வரிக்கு 44 இடங்கள். அதில் புள்ளிக்கு இடமே கிடையாது. இடைவெளி எல்லாம் அம்புமுனைக் குறியாகிவிடும். இணையப் படிவங்களில் இன்னும் மோசம். பெயருக்கு நடுவே புள்ளி வைத்தால், 'சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை' என்று சிவப்பில் கத்தும். நமக்கு அது புள்ளி, அதற்கு அது சிறப்புக் குறியீடு. அந்த அளவில் எந்திரம்தான் என் தாத்தாவுக்குக் கூடுதல் மரியாதை கொடுத்திருக்கிறது.

3. வரலாற்றுப் பின்னணி

சர்நேம் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு ஒரு தேதி உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. எங்கள் வீட்டில் அந்த வால் எப்போது உதிர்ந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஆனால் உதிர்ந்துவிட்டது. ஆகவே அந்தக் கட்டத்தில் நாங்கள் எழுத மறந்தோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அழித்துவிட்டு வந்திருக்கிறோம். அழித்த இடத்தில் நட்சத்திரம் போட்டுக் கேட்டால் அப்பாவைத்தான் தரமுடியும்.

4. களஆய்வு

களம், ஒரு கண் மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க். என் அலுவலகத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரும் சேர்த்தி. அங்கே மேசை மேல் பரப்பப்பட்ட சான்றுகள் வருமாறு. ஆதாரில் 'முருகையா கே'. வங்கிப் புத்தகத்தில் 'கே. முருகையா'. பேன் கார்டில் இனிஷியலை விரித்தே ஆகவேண்டும் என்பதால் 'கந்தசாமி முருகையா'. பாலிசியில் சர்நேம் கட்டம் பின்னால் இருந்ததால் 'முருகையா கந்தசாமி'.

டெஸ்க்கில் இருந்த பெண் நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"சார், இதுல பேஷண்ட் யாரு?"

கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லவேண்டும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் ஒப்புதல் தரவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் விதித்திருக்கிறது. விதி மீறப்படவில்லை. ஒரு மணி நேரம் முடிவதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. பதில் ஒரு கேள்வியாக இருந்தது: பெயர் பொருந்தவில்லை, விளக்கம் தரவும்.

கண் காத்திருக்காது என்று கையிலிருந்த பணத்தைக் கட்டி அப்பாவை உள்ளே அனுப்பினோம். இடது புருவத்துக்கு மேல் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டினார்கள். எந்தக் கண் என்பதில் தவறு நேரக்கூடாது அல்லவா! அதே முன்னெச்சரிக்கையாகச் சொட்டு மருந்து விடும் நர்ஸ் ஒவ்வொரு முறையும் பெயர் கேட்டார்.

"பேரு சொல்லுங்க அய்யா."

"கந்தசாமி மகன் முருகையா."

நர்ஸ் கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்குமா ஆபரேஷன்?" என்றார்.

உள்ளே வைத்த லென்ஸின் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருந்தார்கள். பவர், சீரியல் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் துல்லியம். எங்கே காட்டினாலும் லென்ஸ் ஒரே லென்ஸ்தான். பொருத்திக்கொண்டவர்தான் நான்கு பேர்.

5. தத்துவ விசாரணை

கட்டிய பணத்தைத் திரும்பப் பெறக் காப்பீட்டு நிறுவனம் கேட்டது 'ஒன் அண்ட் சேம்' பிரமாணப் பத்திரம். நாமரூபங்கள் பலவாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பது ஒன்றே என்று நோட்டரி முன்னிலையில் உறுதி கூறுவது. ஆதிசங்கரர் பாஷ்யம் எழுதி நிறுவியதை நாங்கள் முத்திரைத் தாளில் நிறுவினோம். வக்கீல் ரப்பர் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினார். அத்வைதம் சித்தித்தது.

பத்து நாள் கழித்து இரண்டாவது கேள்வி வந்தது. அப்பாவின் பேன் கார்டில் 'கந்தசாமி முருகையா'. பாலிசியில் என் பெயரும் 'கந்தசாமி முருகையா', ஏனென்றால் என் சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் அப்பா. போதாக்குறைக்கு, பேன் எண்ணின் நான்காம் எழுத்து தனிநபர் என்பதைக் காட்டும் 'பி', ஐந்தாம் எழுத்து சர்நேமின் முதலெழுத்து. அப்பாவுக்கும் எம், எனக்கும் எம். அவருக்கு அவர் பெயரே கடைசியில் நின்றது, எனக்கும் அவர் பெயரே கடைசியில் நின்றது. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருப்பதாகத் தெரிகிறது, விளக்கவும் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் நிறுவிய அத்வைதம் அளவுக்கு மீறி வேலை செய்துவிட்டது.

மறுபடி அதே வக்கீல். கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டிய மேசை.

"போன தடவை நாலு பேரும் ஒருத்தர்னு எழுதினோம். இப்ப ஒரு பேர்ல ரெண்டு பேர் இருக்காங்கன்னு எழுதணுமா?"

"ஆமா சார்."

"அதுக்கு ஃபார்மட்டே கிடையாதே!"

சிறிது நேரம் யோசித்தார். "எதுக்கும் அய்யா பக்கத்துல போய் நில்லுங்க. சேர்ந்து ஒரு போட்டோ எடுத்து ஒட்டிருவோம். ஒரே போட்டோவுல ரெண்டு பேர் நின்னா அப்புறம் என்ன சொல்லப்போறாங்க?"

கறுப்புக் கண்ணாடியுடன் அப்பாவும், அவர் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் குனிந்து நானும் நின்றோம். துவைதமும் சித்தித்தது. ஒரே மேசையில், ஒரே மையில், பத்து நாள் இடைவெளியில் ஒரே குடும்பம் இரண்டு தரிசனங்களையும் கடந்தது தத்துவ வரலாற்றில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

6. கண்டறிந்தவை

ஒன்று: பத்திரப்பதிவுக்காரர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். எங்கள் நிலப் பத்திரம் 'கந்தசாமி குமாரர் முருகையா' என்று தொடங்குகிறது. யார் யாருக்கு என்ன உறவு என்பது அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது. கட்டத்தில் இருப்பது பெயர் மட்டும், 'குமாரர்' என்பதற்கு அங்கே இடமில்லை.

இரண்டு: ஆபரேஷனுக்குப் போனவர் நர்ஸிடம் சொன்ன பதிலும் அதுவேதான். நான்கு சான்றுகளில் ஒன்றும் சொல்லாததை அவர் வாயால் சொன்னார். வாய்மொழிச் சான்று ஏற்கப்படாது என்பது ஆய்வுலகின் பழைய நோய்.

மூன்று: கடைசியில் பணம் நெஃப்டில் வந்தது. அது கணக்கு எண்ணைப் பார்த்து வந்து சேர்ந்ததே தவிர, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று வாசலில் நின்று விசாரிக்கவில்லை. கையுறை, பிளாஸ்டர் ஆகியவை மருத்துவம் சாராத செலவு என்று கழித்துக்கொண்டார்கள். எந்தக் கண் என்று அடையாளம் காட்டிய ஒரே பொருளுக்குத்தான் பணம் கிடைக்கவில்லை.

7. முடிவுரை

பணத்தைத் தொடர்ந்து ஒரு கடிதமும் வந்தது. மேலே ஆங்கிலத்தில் 'டியர் மிஸ்டர் கந்தசாமி' என்று இருந்தது. எனக்குத்தான் என்று பிரித்தேன். உள்ளே சிகிச்சை அப்பாவுடையது. சர்நேம் கட்டத்தைப் பார்த்து மரியாதையாக விளித்திருக்கிறார்கள். நானும் இல்லை, அப்பாவும் இல்லை. கடிதம் வந்திருப்பது, பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்த பெரிய கந்தசாமிக்கு.

"தப்பாப் போட்டிருக்காங்கப்பா. மெயில் அனுப்பினா மாத்தித் தருவாங்க."

அப்பா கடிதத்தை வாங்கினார். உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, புதுக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"எங்கப்பாவுக்கு இதுவரைக்கும் ஒரு கடுதாசி வந்ததில்லடா" என்றார். பிறகு அதை நாலாக மடித்து, நிலப் பத்திரம் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.