காலிக் குப்பியின் மறுபிறப்பு: கடலூர், சிதம்பரம் மரபுகள் பற்றி ஓர் ஒப்பாய்வு

வீட்டில் பீர் காய்ச்சும் வெளிநாட்டார்க்குக் காய்ச்சுவது ஒரு நாள் வேலை, பாட்டில் கழுவுவது ஆயுள் வேலை. கடலூர் மாவட்டத்தில் இவ்வல்லலின் முதல் பாதி கிடையாது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அதை நமக்காகத் தீர்த்து வைத்துவிட்டது. கொல்லையில் பானை வைத்துக் காய்ச்சுபவர் எஞ்சிய ஆய்வைக் காவல் நிலையத்தில்தான் தொடர வேண்டியிருக்கும். ஆகவே எம் மக்கள் இரண்டாம் பாதியில் முழு மூச்சாக இறங்கினர். கழுவுதல், உலர்த்துதல், நிரப்புதல் ஆகிய முக்கலைகளும் இங்கே முற்றிப் பழுத்துவிட்டன. பீர் ஒன்றுதான் பாக்கி. இதுவே இக்கட்டுரையின் துணிபு. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இத்துறைக்கு இன்னும் ஓர் இருக்கை அமைக்காததால் யாமே முன்வந்தோம்.

முதலில் சொல்லாராய்ச்சி. அத்தர் இருந்தால் குப்பி, மருந்து இருந்தால் சீசா, குழந்தைக்குப் பால் இருந்தால் புட்டி. பாட்டில் என்றால் உள்ளே என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ‘பீர்’ என்பதோ பழந்தமிழில் பீர்க்கு. பிரிவால் வாடும் தலைவியின் மேனிக்கு அதன் பூவை உவமை சொல்வது சங்கப் புலவர் வழக்கு. மஞ்சள் நிறமும் மனச்சோர்வும் அன்றே ஒரு சொல்லில் குடியேறிவிட்டன. மேலும் விளக்கினால் வம்பு.

கழுவுதலில் இரண்டு மரபுகள் உண்டு. கடலூர் மரபு மணல் மரபு. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு பிடி அள்ளிப் போட்டு, கால் பாட்டில் தண்ணீர் ஊற்றி, வாயை உள்ளங்கையால் பொத்திக் குலுக்கு குலுக்கென்று குலுக்குவது. சிதம்பரம் மரபு அரிசி மரபு. மணலுக்குப் பதில் நொய், பச்சைத் தண்ணீருக்குப் பதில் வெந்நீர், அடியில் உப்புக்கறை இருந்தால் கொஞ்சம் புளி. எண்ணெய்ப் பிசுக்குக்கு அடுப்புச் சாம்பல் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போகும். சாம்பலின் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும் என்பது பின்னால் வேதியியலும் ஒப்புக்கொண்ட உண்மை.

இவ்விரு மரபுகளும் நேருக்கு நேர் மோதிய களம் எங்கள் வீட்டுத் துவைகல். அம்மா சிதம்பரத்துக்காரி, அத்தை கடலூர் மஞ்சக்குப்பம் விட்டு நகராதவர்.

“அரிசியப் போய் பாட்டில்ல கொட்டி வீணாக்குறீங்களே அண்ணி!”

“அரிசி கோழிக்குப் போவும். மணல் எங்க போவும், ஒங்க அண்ணன் வயித்துக்குத்தான?”

நடுநிலை ஆய்வாளன் இதில் அம்மா பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். உரசிய இடமெல்லாம் கீறல் விழும். கீறலில் பிசுக்கு ஒளிந்துகொள்ளும். எத்தனை முறை அலம்பினாலும் ஒரு மணல் உள்ளே தங்கி, என்றோ ஒரு நாள் எண்ணெயோடு தோசைக்கு வந்து பல்லில் நறநறக்கும். மண்ணெண்ணெய் இருந்த பாட்டிலைப் பற்றி இரு மரபுக்கும் சொல்ல ஒன்றுமில்லை. அது கழுத்தில் கயிறு கட்டி ஆணியில் தொங்கியது. ஆணியிலேயே அதன் பிறவி முடிந்தது.

உலர்த்துதலில்தான் நாம் பீர்க்காரர்களை விஞ்சுகிறோம். அவர்கள் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் அலசி, ஈரத்தோடே நிரப்பிவிடலாம். நமக்கோ நல்லெண்ணெய், ஒரு சொட்டு நீர் தங்கினாலும் வாணலி வெடிக்கும், ஊறுகாய் பூக்கும். எனவே பாட்டிலை வேலிக் குச்சியில் தலைகீழாகக் குத்தி வைத்துவிட்டு ஊர்க்கதை பேசப் போகிறோம். இது அரைகுறை அறிவு. நீராவி காற்றைவிட லேசானது. கவிழ்ந்த பாட்டிலில் ஈரக்காற்று மேலே இருக்கும் அடிப்பாகத்துக்கு ஏறி, வெளியே வர வழியின்றி அங்கேயே குந்திக்கொள்ளும். கவிழ்ப்பது வடிக்க; காய வைக்க நிமிர்த்தி வெயிலில் சாய்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எப்படி வைத்தாலும் ஒன்றுதான். கைலியே காயாத ஊரில் பாட்டில் காயுமா?

நிரப்புதல் எளிது போலத் தோன்றும். புனலை வாயில் அழுத்திச் செருகி ஊற்றினால் உள்ளிருக்கும் காற்று போக வழியின்றி ‘களக் களக்’ என்று முரண்டு பிடித்து, எண்ணெயை முகத்தில் துப்பும். புனலுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு துடைப்பக்குச்சியைச் சொருகினால் சண்டை தீர்ந்தது. இதைக் கண்டுபிடித்தவருக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

எதுவரை நிரப்புவது என்பதில் தத்துவமே பிரிகிறது. கடலூர்க்காரர் வாய் வரை நிரப்புவார். காசு கொடுத்தது ஏன் என்பது அவர் கேள்வி. ஆனால் வெயிலில் திரவம் விரியும், சுருட்டி அடைத்த கந்தல் துணி எகிறும். பீர்க்காரரும் கழுத்தில் ஓர் அங்குலம் காலியாக விடுகிறார். பெரிய பாட்டிலுக்கு நாலு கிராம் சர்க்கரை போடுகிறார் (நெல்லிக்குப்பம் ஆலை பக்கத்தில்தான், ஆனால் நமக்கு அது காப்பிக்கு). ஈஸ்ட் அதைத் தின்று வாயு விடும், சர்க்கரை கூடினால் பாட்டிலே வெடிக்கும். அந்த ஓர் அங்குல வெறுமையின் அருமை ஆகாயத் தலமான சிதம்பரத்தாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. திரையை விலக்கி வெளியைத் தரிசிக்கும் ஊரில் காலி இடத்தை யார் காலி என்பார்? கடலூர்த் தரப்பும் சளைத்ததல்ல. அப்பரைக் கட்டிக் கடலில் போட்ட கல்லே மிதந்து கரையேறிய திருப்பாதிரிப்புலியூரில், நிரம்பிய பாட்டிலும் மிதக்கும் என்பது அவர்கள் வாதம்.

மூடி பற்றி நீட்ட வேண்டாம். 1892இல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற பல் வைத்த மூடி ஒருமுறை நெளிந்தால் போனதுதான். அதனால்தான் வீட்டுப் பரணில் திருகுமூடியுள்ள குவார்ட்டருக்கு மரியாதை அதிகம்.

இத்துறைக்கு ஒரு நெருக்கடி வந்திருக்கிறது. 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் 10 ரூபாய் என்று தொடங்கியது. பேரீச்சம்பழத்துக்குப் போய்க்கொண்டிருந்த பொருளுக்கு ரொக்கம்! இனி யார் அதைக் கழுவிக் காய வைத்து நன்னாரி ஊற்றப் போகிறார்கள்?

இறுதியாக யாம் நிகழ்த்திய சோதனை. ஒரு பீர் பாட்டிலைச் சாம்பலில் இருமுறை, நொய்யில் மூன்றுமுறை, புளியில் ஒருமுறை கழுவி, மூன்று நாள் வெயிலில் வைத்து, குடிதண்ணீர் நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம். வெயிலில் வந்த பெரியப்பாவிடம் எடுத்து நீட்டினோம். அவர் வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில், “தொட்டுக்க என்னடா இருக்கு?” என்றார்.