சிகாகோ நீர்த்துறையின் சமுகத்துக்கு ஒரு விண்ணப்பம்

சிகாகோ மாநகர நீர் மேலாண்மைத் துறையின் மேலான சமுகத்துக்கு, அம்மாநகரில் காரீயக் குழாய்வழிக் குடிநீர் அருந்திவரும் வீட்டுக்காரர்கள் தாழ்மையுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பமாவது:

தெருவடியில் ஓடும் பெருங்குழாயிலிருந்து வீட்டின் நிலவறை வரை நீரைக் கொண்டுவரும் சிறு குழாய் இணைப்புக் குழாய் எனப்படும். அது காரீயத்தாலேயே (ரசம் வைக்கும் ஈயச் சொம்பின் வெள்ளீயம் அன்று, பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதும், எவ்வளவு குறைந்தாலும் தீங்கற்றதெனச் சொல்லவியலாததுமான காரீயம்) அமைய வேண்டும் என்று மாநகர விதி 1986 வரை கட்டாயப்படுத்திவந்தது. அவ்வாண்டு அமெரிக்கக் காங்கிரஸ் குறுக்கிட்டுத் தடைவிதித்திராவிட்டால் துறை இன்றளவும் தன் கொள்கையில் வழுவாது நின்றிருக்கும் என்பதில் வீட்டுக்காரர்களுக்கு ஐயமில்லை. அந்த உறுதியின் விளைவாகவே, ஏறத்தாழ 4 லட்சம் காரீய இணைப்புகளுடன் சிகாகோ அந்நாட்டு நகரங்களுள் முதலிடம் பெற்றது. அன்று காரீயத்தைத் தவிர்த்தவர் விதியை மீறியவரானார். அன்று விதிக்குக் கீழ்ப்படிந்தவரோ இன்று அதை அகற்றப் பல்லாயிரம் டாலர் தேடுபவராகிறார்.

குழாய் ஒன்றே எனினும் உடைமை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நடைபாதையோரம் இரும்புக் குழலொன்றின் அடியில் புதைந்திருக்கும் அடைப்பு வால்வு வரை மாநகருடையது; அதற்கப்பால் வீட்டுக்காரருடையது. காரீயத்துக்கு இந்த எல்லை தெரியாது. பாதிக் குழாயை மட்டும் வெட்டி மாற்றினால், அதிர்ச்சியில் உட்சுவர்ப் படிவு உதிர்வதோடு, புதிய செம்பும் பழைய காரீயமும் சேருமிடத்தில் மின்வேதி அரிப்பும் நிகழ்வதால், நீரில் காரீயம் சில காலம் கூடவும் கூடும். தெருவைத் தோண்டும்போதும் அப்படிவு குலைகிறது என்பதை 2013-இல் வெளியான மைய அரசு ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆய்வு நடந்த ஊர் சிகாகோவே.

வீட்டினுள் நீரை நிறுத்தும் வால்வின் கதை தனி. கைச்சக்கரத்தைத் திருகித் தகட்டை இறக்கும் பழைய வகை வால்வு, பல்லாண்டு தொடப்படாமல் கிடந்தால், திருகியதும் தண்டு முறிந்து சக்கரம் கையோடு வந்துவிடும். ஆகவே குழாய்ப் பணியாளர் கால்சுற்றில் மூடும் பந்து வால்வைப் பொருத்துவர். அதன் பித்தளையில், கடைசல் எளிதாகும் பொருட்டு, முன்பெல்லாம் காரீயம் கலப்பது வழக்கம். 1986 முதல் 2013 முடிய, 8 விழுக்காடு வரை காரீயமிருந்த பொருத்துகளும் சட்டப்படி ‘காரீயமற்றவை’யே. நூறு படி பாலில் எட்டுப் படி நீர் ஊற்றி, ‘நீரற்ற பால்’ என்று விற்பவரை ஊர் சும்மா விடாது. இந்த வரையறை மைய அரசின் கைவண்ணம், துறையினுடையதன்று என்பதை நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும். 2014 முதல் நீர் படும் பரப்புக்கு வரம்பு சராசரியாக 0.25 விழுக்காடு, அதற்கு முந்தைய வால்வுகள் பல சுவர்களில் இன்னும் இருக்கின்றன.

நிலவறைக் குழாயை நாணயத்தால் சுரண்டிப் பார்க்குமாறு அறிவுரை கூறப்படுகிறது: மங்கிய சாம்பல் நிறத்தின் கீழ் வெள்ளிக் கோடு பளிச்சிட்டு, காந்தமும் ஒட்டாவிட்டால் அது காரீயம். அதைக் கண்டறிந்தவர் குழாயைத் திறந்து சில நிமிடம் நீரை ஓடவிட வேண்டும். காய்ச்சுவதால் பயனில்லை, ஏனெனில் நீர் ஆவியாகக் காரீயம் தங்கிவிடும். மற்றதை, குழாயினுள் மெல்லிய படலம் உண்டாக்குவதற்காகத் துறை நீரில் கலக்கும் பாஸ்பேட் பார்த்துக்கொள்ளும்.

காரீயக் குழாய்களைப் பத்தாண்டில் அகற்ற வேண்டும் என்று 2024 அக்டோபரில் மைய அரசு விதித்து, சிகாகோ போன்ற பெருஞ்சுமையுள்ள நகரங்களுக்குக் கூடுதல் அவகாசமும் அளித்தது. மாநகரின் திட்டமோ 2076-ஐக் குறிக்கிறது. இவ்வளவு தொலைநோக்கு வாய்ந்த துறையிடம் வீட்டுக்காரர்கள் வேண்டுவது ஒன்றே: எந்தத் தெருவில் எந்த ஆண்டு குழாய் மாறும் என்னும் அட்டவணையை இப்போதே வெளியிட்டருள வேண்டும், புட்டிப்பால் கலக்க வேண்டிய குழந்தைகளை அதற்கேற்பப் பெற்றுக்கொள்ளப் பெற்றோர் ஆயத்தமாக இருக்கின்றனர்.