மேட்டுப்பாளையக் கணினிகளின் ‘டொக்’ ஒலியும் அதை ஒழிக்கும் முறைகளும்: ஓர் ஆய்வு

லினக்ஸ் கணினி எழுப்பும் எச்சரிக்கை ஒலி இரு வகைப்படும். ஒன்று, பெட்டிக்குள்ளிருந்தே வரும் ‘பீப்’. மற்றது, ஸ்பீக்கர் வழியே வரும் ‘டொக்’. முன்னது 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் சொத்து, பின்னது க்னோம், கே.டி.இ. முதலிய திரைச் சூழல்களின் உபயம். இரண்டுக்கும் பாட்டன் டெலிபிரிண்டர். அதில் நிஜமாகவே ஒரு மணி இருந்தது. மறுமுனையில் இருப்பவரைக் கூப்பிட அது அடிக்கும். 1963இல் வகுத்த ஆஸ்கி குறியீட்டில் அந்த மணிக்கு 7ஆம் எண் ஒதுக்கப்பட்டது. மணி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. எண் மட்டும் பதவியில் நீடிக்கிறது.

இவ்வாய்வுக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தைவிடப் பொருத்தமான களம் இல்லை. ஒரு பக்கம் தொழிற்பேட்டை, ஒரு பக்கம் லாரிகள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபல் வரை அனுமதி தருகின்றன. ஆகவே டொக்கின் மேல் வழக்குப் போட வழியில்லை. ஆனால் லாரி ரிவர்ஸில் வரும்போது கத்தினால், பின்னால் நிற்பவர் விலக வேண்டும் என்று பொருள். டொக்குக்கு என்ன பொருள்? டெஸ்பாட்ச் மேசையில் ஒருவர் பி.ஒய். 01 என்று வண்டி எண்ணைத் தட்டுகிறார். எண் பிசகிவிடுகிறது. பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடிக்கிறார். கட்டம் காலியான பிறகும் விரல் எழவில்லை. டொக், டொக், டொக். அழிக்க ஒன்றுமில்லை என்பதே செய்தி. காலிக் கட்டமோ கண்ணெதிரே இருக்கிறது.

ஒழிக்கும் முறைகளுக்கு ஊர் வரலாறே வழிகாட்டும். புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவுடன் சேர்ந்தது 1954 நவம்பர் 1இல். சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16இல். பீப்பையும் இப்படி இரு கட்டமாகவே வெளியேற்ற வேண்டியிருக்கிறது. எக்ஸ் திரையமைப்பில் ‘எக்ஸ்செட் பி ஆஃப்’ என்ற கட்டளை நடைமுறை ஒழிப்பு: உடனே அடங்கும், அடுத்த முறை உள்நுழைந்ததும் திரும்பி வரும். கெர்னலின் ‘பி.சி.எஸ்.பி.கே.ஆர்.’ மாட்யூலை மோட்ப்ரோப்பின் தடைப்பட்டியலில் எழுதிவைப்பது சட்டப்படியான ஒழிப்பு. அதற்கு ரூட் அதிகாரம் தேவை. நல்லவேளை, எட்டாண்டு ஆகாது.

டொக்குக்கு இவ்வளவு ராஜதந்திரம் வேண்டாம். க்னோம் அமைப்புகளில் ஒலிப் பகுதிக்குப் போனால் எச்சரிக்கை ஒலியைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். புதிய பதிப்புகளில் ‘எதுவுமில்லை’ என்பதும் ஒரு தேர்வு. பழைய பதிப்புகளில் அங்கே நாய்க் குரைப்பு இருந்தது. மேட்டுப்பாளையத்தில் அதற்குக் கணினி எதற்கு என்பது விளங்கவில்லை. பழைய பதிப்பு வைத்திருப்பவர் எச்சரிக்கை ஒலியின் அளவை மட்டும் பூஜ்யத்துக்கு இழுத்துவிடலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன் வழிவந்தது என்பதால், க்னோம் உள்ள பாஸ் கணினிக்கும் இதே வைத்தியம் செல்லும்.

டெர்மினல் தனி ராஜ்யம். டேப் விசைக்கு விடை தெரியாதபோதெல்லாம் அது மணியடிக்கும். டெர்மினலின் விருப்பத்தேர்வுகளில் பெல் என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

ஸ்பீக்கரையே மொத்தமாக மியூட் செய்வாரும் உண்டு. இந்த மரபை இவ்வாய்வு ஏற்கவில்லை. வீடியோ கூட்டத்தில் மேலாளர் கேட்கும் கேள்வியும் அதோடு போய்விடும். சிலர் அதற்காகவே செய்வது வேறு விஷயம்.

இத்தனைக்குப் பிறகும் மேசைக்கு அடியிலிருந்து பீப் வந்தால் அது யு.பி.எஸ். கரண்ட் போயிருக்கிறது என்று பொருள். அதை அணைக்கத் தேட வேண்டாம். முதலில் கோப்பைச் சேமிக்கவும்.