ஆன் ஆகுது சார்

பழைய ஆசிலாஸ்கோப் விற்பவரின் பரிசோதனை ஒன்றே ஒன்றுதான்: "ஆன் ஆகுது சார்." திரையில் பச்சைக் கோடு தெரிந்தால் சூப்பர் கண்டிஷன், தெரியாவிட்டால் "சின்ன வேலைதான், ஒரு கெப்பாசிட்டர்." எந்தக் கெப்பாசிட்டர் என்று கேட்பது நாகரிகமல்ல.

உதாரணத்துக்கு, 1970களின் டெக்ட்ரானிக்ஸ் 465 ஸ்கோப்: சுமார் 10 கிலோ எடை, 100 மெகாஹெர்ட்ஸ். தூக்கிவந்தவர் முதலில் பார்ப்பது, அதன் முகப்பிலேயே இருக்கும் கேலிபரேட்டர் தரும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை. பலர் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். எல்இடி மினுக்க 100 மெகாஹெர்ட்ஸ் எதற்கு என்று வீட்டில் கேட்டால், "பாண்ட்வித் கையிருப்பு வேணும்" என்பார், ஏதோ நெல் மூட்டை மாதிரி.

ஸ்கோப் மக்கர் செய்தால் கோளாறைக் கண்டுபிடிக்க இன்னொரு ஸ்கோப் வேண்டும். ஆகவே இரண்டாவதும் வரும். மேசையில் இடமில்லாமல் சால்டரிங் அயர்ன் சமையலறைக்குக் குடிபோகும்.